பேஜார் என்றால் என்ன, அக்கா?

தோல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் ஒரு அடி பின்னால் நகர்ந்து மூக்கால் என்னைச் சோதிப்பார்கள். பிறகு, "அந்த நாத்தம் பழகிடுச்சா?" என்பார்கள். எனக்குப் பழக வேண்டிய அவசியமே வரவில்லை. நான் இருந்தது ஏற்றுமதி அலுவலகத்தில். தோலைத் தொட்டவர்கள் வேறு. நான் வாடிக்கையாளர்களோடு பேசினேன், எழுதினேன், சமாதானம் சொன்னேன். டெலெக்ஸில் ஆரம்பித்து, ஃபேக்ஸில் வளர்ந்து, மின்னஞ்சலில் ஓய்வு பெற்றேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த சர்டிஃபிகேட்டோடு வேலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியவள், "டியர் சார்" என்பதை எத்தனை விதமாகக் கெஞ்சலாம் என்று முதல் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

இப்போது எழுத உட்கார்ந்தது ஒரு மாதத்தைப் பற்றி. எங்களிடம் இருந்த மென்பொருளின் புது வெர்ஷன் தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்த மாதம் அது. முப்பத்தோரு வருஷத்தில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை, அவ்வளவு சிரித்ததும் இல்லை.

எங்கள் கம்பெனி ஆம்பூரைத் தாண்டி பேர்ணாம்பட்டு போகும் வழியில் இருந்தது. கைப்பைக்கும் காலணிக்கும் மேல்தோல் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவோம். வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், யார் எப்போது என்ன கேட்டார், எந்தச் சாம்பிள் அனுப்பினோம் என்பதையெல்லாம் ஒரு பழைய மென்பொருளில் போட்டு வைத்திருந்தோம். நாங்கள் அதை 'டைரி' என்றுதான் சொல்வோம். சி.டி. போட்டு ஏற்றிய காலத்துச் சமாச்சாரம். சாம்பல் நிறத் திரை. ஆனால் போன் அடித்து நான் "குட் மார்னிங்" சொல்லி முடிப்பதற்குள் வாடிக்கையாளரின் பக்கம் திறந்துவிடும். அந்த ஒரு குணத்துக்காக அதன் மற்ற குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தோம். பொறுத்தோம் என்றால், தினமும் திட்டிக்கொண்டே பொறுத்தோம்.

அதை விற்ற சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வரும் மார்ச்சுக்குப் பிறகு பழைய வெர்ஷனுக்கு எந்த உதவியும் கிடைக்காது, புது வெர்ஷனுக்கு மாறிக்கொள்ளுங்கள், ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பாருங்கள் என்று. எங்கள் ஜெனரல் மேனேஜர் வஹாப் சார் என்னைக் கூப்பிட்டார்.

வஹாப் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்விஷாரத்துக்காரர். வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பச்சை மைப் பேனா. ஃபேக்டரியில் ஒரு லாட் முடிந்ததும் ஒரு துண்டை அவர் மேசைக்குக் கொண்டுவருவார்கள். அவர் வாய் திறக்க மாட்டார். துண்டை உள்பக்கமாக மடிப்பார். மடிப்பின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டுவார். பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார், மோந்து பார்ப்பார், திருப்பிக் கொடுத்துவிடுவார். கொண்டுவந்தவர் அவர் புருவத்தைப் பார்த்துப் பாஸா ஃபெயிலா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பழக்க தோஷத்தில் காகிதத்தையும் அப்படியே செய்வார். என் விடுமுறைக் கடிதங்கள் எல்லாவற்றிலும் அந்த மடிப்பு உண்டு.

அன்று அந்தக் கடிதத்தை மடித்து, விரலை ஓட்டி, பிரித்துவிட்டுக் கேட்டார்.

"எஸ்தர்மா, நம்ம ஆபீஸ்ல இந்த டைரிய ஜாஸ்தி திட்றது யாரு?"

யோசித்தேன். "நான்தான் சார். அடுத்தது சாம்பிள் செக்‌ஷன் ஷபீர்."

"அப்போ நீங்க ரெண்டு பேருமே பாருங்க. புடிச்சவங்களாண்ட குடுத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னுவாங்க. திட்டத் தெரிஞ்சவங்கதான் பாக்கணும். ஒரு மாசம். ஒரே பக்கத்துல ரிப்போர்ட். ரெண்டாவது பக்கம் இருந்தா நான் படிக்கமாட்டேன்."

ஷபீர் என்னைவிடப் பத்து வயது இளையவர். சாம்பிள் கட்டி, சீட்டு ஒட்டி, கூரியரில் அனுப்புவது அவர் பொறுப்பு. எதற்கும் பதற்றப்படாதவர், அல்லது பதற்றத்தை வேடிக்கையாக மாற்றிவிடுபவர்.

நாங்கள் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தோம். முதல் வாரம் புது வெர்ஷனைத் தொடவே இல்லை. பழைய டைரியில் ஒரு நாளைக்கு என்னென்ன செய்கிறோம் என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக் குறித்தோம். வாரக் கடைசியில் பார்த்தால், அத்தனை மெனுக்களில் நாங்கள் பயன்படுத்தியது நான்கே நான்கு: பெயர் தேடுவது, போன் நம்பர் எடுப்பது, சாம்பிள் எண் போடுவது, ரிமார்க்ஸ் எழுதுவது. மற்ற மெனுக்களை இத்தனை வருஷத்தில் யாரும் திறந்ததே இல்லை. ஷபீர் ஒன்றைத் திறந்து பார்த்தார். யாரோ புண்ணியவான் எப்போதோ போட்டுவிட்டுப் போன ஒரு தீபாவளி வாழ்த்து உள்ளே இருந்தது.

இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து சீனிவாசன் வந்தார். விற்கும் கம்பெனியின் ஆள். நாற்பத்தைந்து வயது, டை, லேப்டாப், ஒரு ஸ்டீல் டப்பா நிறையத் தயிர் சாதம். ஆம்பூருக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்ட ஒரே மனிதரை அன்றுதான் பார்த்தேன். வஹாப் சார் அவரைப் பரிதாபத்தோடு பார்த்துவிட்டு ஒரு பழத்தை நீட்டினார்.

"இது வெறும் அப்கிரேடு இல்ல சார். இது ஒரு எக்ஸ்பீரியன்ஸ்" என்று ஆரம்பித்தார் சீனிவாசன்.

"எக்ஸ்பீரியன்ஸ் எங்களாண்ட நெறைய இருக்குது. சாஃப்ட்வேர காட்டுங்க" என்றார் சார்.

சீனிவாசன் காட்டினார். வண்ணத் திரை. வாடிக்கையாளரின் புகைப்படம் வைக்க இடம். அந்த நாட்டில் இப்போது மணி என்ன என்று சொல்லும் சின்னக் கடிகாரம். இது எனக்குப் பிடித்தது. நான் ஒரு பிரேசில்காரரை அவருடைய விடியற்காலையில் எழுப்பிய பாவம் எனக்கு இருக்கிறது. ஆனால் பக்கம் திறப்பதற்குள் ஒரு வட்டம் சுற்றியது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "குட் மார்னிங்" சொல்லி, சௌக்கியமா கேட்டு, அங்கே மழையா என்று விசாரித்து முடித்தால்தான் பக்கம் வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: மழை வரைக்கும் பேச வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு வசதியைக் காட்டினார். வாடிக்கையாளருக்கே ஒரு கடவுச்சொல் கொடுத்துவிடலாம். அவர் தன் ஊரில் உட்கார்ந்தபடி தன் பக்கத்தைத் திறந்து, சாம்பிள் எங்கே இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்ளலாம். "என் சாம்பிள் எங்கே" என்ற போன்களால் என் காது தேய்ந்து போயிருந்த காலம். அந்த இடத்திலேயே என் மனசு அதில் விழுந்துவிட்டது.

"யாராவது ஒரு நல்ல கஸ்டமருக்குக் குடுத்துப் பாருங்க மேடம்" என்றார் சீனிவாசன்.

மூன்றாம் வாரம் பழைய டைரியின் தகவல்களை நகலெடுத்துப் புதியதில் ஏற்றினோம். திரையின் இடப்பக்கம் பழைய கட்டங்களின் பெயர்கள், வலப்பக்கம் புதிய கட்டங்களின் பெயர்கள். இது அதற்குப் போகட்டும் என்று ஒவ்வொன்றாகக் கோடு இழுத்து இணைக்க வேண்டும். பெயருக்குப் பெயர். போனுக்குப் போன். எங்கள் 'ரிமார்க்ஸ்' கட்டத்துக்கு வந்தபோது வலப்பக்கம் இரண்டு இருந்தன: 'கமெண்ட்ஸ்', 'இன்டர்னல் நோட்ஸ்'. இன்டர்னல் என்றால் கம்பெனி உள்விவகாரம், லீவு, சுற்றறிக்கை மாதிரி ஏதோ என்று நினைத்தேன். ரிமார்க்ஸும் கமெண்ட்ஸும் ஒரே பொருள்தானே? கமெண்ட்ஸுக்குக் கோடு இழுத்தேன். இழுத்தது நான். ஷபீர் அப்போது டீ வாங்கப் போயிருந்தார்.

அந்தக் கோடு என்ன செய்தது என்று புரிய வேண்டுமானால், எங்கள் ரிமார்க்ஸில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

அது பன்னிரண்டு வருஷமாக நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்ட இடம். நான் லீவில் இருக்கும்போது போனை எடுப்பவர் திண்டாடக் கூடாது என்று ஆரம்பித்த வழக்கம். ஆங்கில எழுத்தில் தமிழ். யாரைப் பற்றியும் எதுவும் எழுதலாம். ஓர் இத்தாலிக்காரரைப் பற்றி, 'சிரிச்சா நம்பாதே, திட்டினா ஆர்டர் உண்டு' என்று இருக்கும். ஒரு ஸ்பெயின்காரருக்கு, 'சாப்பாட்டு நேரம் ரெண்டு மணி முதல் சாயங்காலம் வரை' என்று இருக்கும். வெளியாள் யாரும் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் படிக்கப் போவதில்லை.

சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்த நல்ல வாடிக்கையாளர் இங்கெர். டென்மார்க்கில் கைப்பை செய்யும் ஒரு கம்பெனியின் கொள்முதல் பொறுப்பாளர். எங்கள் யூனிட்டில் ஒரு மாடி முழுக்க அந்த அம்மா வாங்கும் பழுப்பு நிறத் தோலால்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சீசன் ஆர்டர் அந்த வாரமோ அடுத்த வாரமோ உறுதியாக வேண்டும். ஒரு வியாழக்கிழமை கடவுச்சொல்லை அனுப்பி, "புதிய வசதியைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். பெருமையாகத்தான் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி, மின்னஞ்சலைத் திறந்தேன். தெரியாத பெயரிலிருந்து ஒரு கடிதம். தமிழில்.

"வணக்கம் அக்கா. நான் சாந்தினி. இஞ்ச டென்மார்க்கில இங்கெரின்ர கந்தோரில ஸ்டோர்ஸ் பக்கம் வேலை செய்யிறன். எனக்கு ஊர் யாழ்ப்பாணம். உங்கட புதுப் பக்கத்தில இங்கெரைப் பற்றி நிறைய எழுதிக் கிடக்கு. இங்கிலிஷ் எழுத்தெண்டாலும் தமிழ் எண்டு கண்டுபிடிச்சிட்டன். என்ன எழுதியிருக்கு எண்டு இங்கெர் வாசிச்சுச் சொல்லச் சொல்லுறா. எனக்கு முக்கால்வாசி விளங்குது. 'பேஜார்' எண்டால் என்ன அக்கா? 'கம்மி' எண்டால் என்ன? பிழையா ஏதும் சொல்லிப்போடக் கூடாது பாருங்கோ, அதுதான் கேக்கிறன்."

இங்கெரின் பக்கத்தைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. அந்த வட்டம் நிற்காமலே இருக்கட்டும் என்று ஜெபித்தது அன்று ஒருநாள்தான். நின்றது. கமெண்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ், நல்ல பெரிய எழுத்தில், நீலப் பின்னணியில், எங்கள் கைவரிசை வரிசையாக இருந்தது.

'ரொம்ப பேஜார் கிராக்கி. முதல் நோவை நம்பாதே. நாலு நாள் விட்டுப் பிடி.' இது நான்.

'பொறுமை கம்மி. கூரியர் லேட்டானா நீயே முந்தி போன் பண்ணிடு.' இது ஷபீர்.

'மூணு ஷேட் அனுப்பு. நம்ம ஸ்டாக்ல ஜாஸ்தி இருக்கறதை நடுவுல வை. நடுவுல இருக்கறதைத்தான் எடுப்பாங்க.' இது வஹாப் சார் சொல்லி நான் எழுதியது.

'செவ்வாய் போன் வேண்டாம். அன்னிக்கு முதியோர் ஹோம்ல இருக்கற வீட்டுக்காரரைப் பார்க்கப் போவாங்க. அவருக்கு இப்போ ஆள் தெரியறதில்ல.' இதுவும் நான்.

சீனிவாசனுக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன் கத்தினேன். அவர் அமைதியாக, "மேடம், கமெண்ட்ஸ்னாலே கஸ்டமர் பாக்கறதுக்குத்தான். மேனுவல்ல பக்கம் எண்பத்து நாலுல இருக்கே" என்றார். நான் மேனுவலை நாற்பதாம் பக்கம் வரைக்கும் படித்திருந்தேன்.

ஷபீர் என் தோளுக்குப் பின்னால் நின்று சாந்தினியின் கடிதத்தைப் படித்தார். ஒரு நிமிஷம் தாடையைத் தடவினார்.

"மேடம், பேஜார்னா எங்க ஊர்ல ராணி மாதிரின்னு அர்த்தம்னு எழுதிடுங்க. அவங்களுக்கு எப்படி தெரியும்?"

சொன்னால் நம்புங்கள், நான் எழுதினேன். 'அன்புள்ள சாந்தினி, பேஜார் என்றால் எங்கள் ஊர் வழக்கில் மிகவும் கவனமானவர்' என்று ஒரு வரி தட்டச்சு செய்துவிட்டேன். விரல் அனுப்பும் பொத்தானின் மேலேயே இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கடைசி வரி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பிழையாகச் சொல்லிவிடக் கூடாது என்று, முகம் தெரியாத என்னிடம் கேட்கிறாள். அவளைப் பொய் சொல்ல வைக்க எனக்கு என்ன உரிமை? வரியை அழித்தேன். எழுந்து வஹாப் சார் அறைக்குப் போனேன். ஷபீரும் பின்னால் வந்தார்.

சார் முழுவதையும் கேட்டார். "இன்னா எழுதியிருக்கோம்? படிங்க" என்றார்.

பன்னிரண்டு வருஷத்தையும் நின்றுகொண்டே படித்தேன். பேஜார் வந்தபோது புருவம் அசையவில்லை. கம்மி வந்தபோது ஷபீரை ஒரு பார்வை பார்த்தார். 'நடுவுல வை' வந்ததும் கையைத் தூக்கினார்.

"இது யாரு எழுதினது?"

"நீங்க சொன்னீங்க சார். நான் எழுதினேன்."

"ஹூம்" என்றார். பச்சைப் பேனாவை மூடிவிட்டு, "யோசனை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

ஷபீர், "சார், உடனே அந்த பாஸ்வேர்ட க்ளோஸ் பண்ணிடலாம்" என்றார்.

"இன்னாத்துக்கு? இப்போ மூடினா, நாம திருடிட்டு ஓடறோம்னு நாமளே சொன்ன மாதிரி. தொறந்தே இருக்கட்டும்." போனை எடுத்தார். "நானே பேசறேன்."

"சார்" என்றேன், "இன்னிக்கு செவ்வாய்க்கிழமை."

அவர் கை அப்படியே நின்றது. ரிசீவரை மெதுவாக வைத்தார். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு பதில் போடுங்க" என்றார். "பொய் எழுதாதீங்கம்மா. அர்த்தத்த எழுதுங்க. நாளைக்கு நான் பேசறேன்."

எழுதினேன். 'பேஜார் என்றால் தொல்லை. கிராக்கி என்றால் வாடிக்கையாளர், மரியாதைக் குறைவான சொல். கம்மி என்றால் குறைவு. பேஜார் என்று எழுதியது நான்தான். இங்கெரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் இன்று வரமாட்டார் என்று தெரியும்.' கடைசி வரியை எழுதும்போது, 'பார், எனக்கு எவ்வளவு அக்கறை' என்ற ஒரு சின்னத் திருப்தி மனசில் இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் தப்பென்றாலும் அந்தச் செவ்வாய்க்கிழமைக் குறிப்பு என்னைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினேன்.

புதன்கிழமை, அவர்களுக்குக் காலை, எங்களுக்கு மதியம். சார் ஸ்பீக்கரில் போட்டார். இங்கெரின் ஆங்கிலம் எனக்குப் பழக்கம், ஆனால் அன்று அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை எனக்குப் பிடிபடவே இல்லை.

"எஸ்தர், நான் ஒரு பேயாரா?"

டென்மார்க்கில் ஆங்கில 'ஜே' எழுத்தை ய என்று உச்சரிப்பார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. பேயார் என்றால் மரியாதைக்குரிய பேய் என்றுதான் என் காதில் விழுந்தது. ஷபீர் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்ல? "சில நாட்களில்."

"என் மகளும் அதைத்தான் சொல்கிறாள். அவளிடம் அதற்கு இவ்வளவு நல்ல வார்த்தை இல்லை" என்றார் இங்கெர். எங்களுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த வரியில் போயிற்று.

"மிஸ்டர் வஹாப், இந்த மூன்று ஷேட். பன்னிரண்டு வருஷமாக நான் நிறத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எனக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தீர்களா?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம். வஹாப் சார் தாடியிலிருந்து கையை எடுத்தார். நான் அவரிடம் இருந்த அத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பார்த்ததில்லை. ஆர்டர் ரத்தானபோதும் இல்லை, கன்டெய்னர் நனைந்தபோதும் இல்லை.

"மேடம், அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அது தப்பு. மன்னிக்க வேண்டும்" என்றார், ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாக.

"ஐந்து ஷேட் அனுப்புங்கள். ஒரே உறையில், கலைத்துப் போட்டு. பின்பக்கம் எண் வேண்டாம். அதன் பிறகு ஆர்டர் பற்றிப் பேசலாம்."

"சரி."

"கடைசியாக ஒன்று. செவ்வாய்க்கிழமை பற்றி எழுதியது யார்?"

"நான்" என்றேன், கொஞ்சம் முன்னால் நகர்ந்து.

"அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், எஸ்தர். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை வெளிவேலை என்று சொல்லித்தான் போவேன். நேற்று முன்தினம் என் மேசைக்கு முன்னால் நின்று சாந்தினி அதைச் சத்தமாக வாசித்தாள். பாதி வாசித்த பிறகுதான் என்ன வாசிக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. அழுதுவிட்டாள். பேயார் எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது."

நான் காப்பு என்று நினைத்திருந்த வரி அது. கிண்டலுக்கெல்லாம் சிரித்தவர், என் அக்கறைக்குத்தான் காயப்பட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்று இப்போது ஞாபகமில்லை. வருஷக்கணக்கில் விதவிதமாக "வருந்துகிறோம்" எழுதிப் பழகிய எனக்கு, அன்று அதில் ஒன்றுகூட உதவவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அன்று மதியமே ஷபீர் பழைய சாம்பிள் தோல்களிலிருந்து ஐந்து துண்டுகளை வெட்டினார். எண் இல்லை, சீட்டு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் கட்டு மாதிரிக் கலைத்தார். "மேடம், சத்தியமா எது எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு உறையில் போட்டார்.

பதில் வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் சார் தினம் காலையில் என் மேசைப் பக்கம் வந்து, ஜன்னலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவார். பதினோராம் நாள் ஒரு துண்டு திரும்பி வந்தது, 'இது' என்ற ஒற்றை வார்த்தையோடு. சிவப்புச் சாயல் ஓடும் பழுப்பு. எங்கள் ஸ்டாக்கில் அது ஒரு சதுர அடிகூட இல்லை. புதிதாகத்தான் போட வேண்டும். சார் துண்டை மடித்து, விரலை ஓட்டி, வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"அஞ்சுல இதான் பெஸ்ட்டு" என்றார். "அந்தம்மாவுக்கு நிஜமாவே கண்ணு இருக்குது எஸ்தர்மா. நாமதான் பன்னெண்டு வருஷம் அத தூங்க வெச்சிட்டோம்."

ஆர்டர் இரண்டு வாரம் தள்ளி வந்தது. ஆனாலும் வந்தது. அதே வாரத்தில் சாந்தினி எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை பனி கொட்டியதால் இங்கெரைத் தன் காரில் ஹோமுக்குக் கூட்டிப்போனாளாம். அவருடைய கணவர் இவளைப் பார்த்து யாரோ பழைய பள்ளித் தோழி என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாராம். இவளும் தோழியாகவே இருந்துவிட்டு வந்தாளாம். 'இப்ப ஒவ்வொரு செவ்வாயும் நான்தான் டிரைவர் அக்கா' என்று முடித்திருந்தாள். அதனால் என் தப்பு சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். படித்துவிட்டு அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன், அதை மட்டும் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டை ஒரே பக்கத்தில் எழுதினேன். மாறலாம் என்று சிபாரிசு. நிபந்தனை மூன்று. வட்டம் சுற்றும் நேரம் குறைய வேண்டும். எந்தக் கட்டத்தை வாடிக்கையாளர் பார்ப்பார் என்பது அந்தக் கட்டத்தின் மேலேயே, திரையிலேயே எழுதியிருக்க வேண்டும், எண்பத்து நாலாம் பக்கத்தில் இருந்தால் போதாது. பழைய ரிமார்க்ஸை ஒவ்வொன்றாக மனுஷர் படித்துப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். 'சோதனையில் நேர்ந்த பிழை' என்ற தலைப்பின் கீழ் நடந்ததை எழுதி, என் பெயரைப் போட்டேன். சார் மடித்தார், பிரித்தார், படித்தார். பச்சை மையில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டு, தன் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்டார்.

ஷபீர் எட்டிப் பார்த்து, "சார், கம்மின்னு எழுதினது நானு. என் பேரு?" என்றார்.

"உன் பேருக்கு இடம் இல்லப்பா. ஒரு பக்கம்தான்னு சொல்லியிருக்கேன்."

சீனிவாசனை மெச்ச வேண்டும். மூன்று நிபந்தனையையும் ஒத்துக்கொண்டு, முக்கால்வாசி செய்தும் கொடுத்தார். அதன்பிறகு ஷபீரும் நானும் மூன்று வாரம் உட்கார்ந்து அத்தனை ரிமார்க்ஸையும் படித்தோம். எதை அழிப்பது, எதை உள்ளே வைப்பது, எதை வாடிக்கையாளர்களே பார்க்கலாம் என்று தினம் சண்டை. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எழுதவே கூடாது என்றேன் நான். "அப்போ யாவாரம் எப்படி மேடம் பண்றது?" என்றார் ஷபீர். வியாபாரத் தந்திரங்கள் சில உள்ளே தங்கின. அவர்கள் வீட்டுச் சங்கதிகளை, நோயை, துக்கத்தை, எங்களை நம்பிச் சொன்னவற்றை முழுக்க அழித்தோம். அதையெல்லாம் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. இங்கெரின் செவ்வாயையும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

நாலு வருஷம் அந்தப் புது வெர்ஷனோடு குப்பை கொட்டினேன். நான் ஓய்வு பெற்ற அன்று, மாலை மூன்று மணிக்குக் கேக் வெட்டினார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. என் வாடிக்கையாளர்களை எனக்குப் பிறகு வரும் ஜெனிஃபர் பெயருக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு வசதியை அந்த மாதம் நாங்கள் சோதிக்கவே இல்லை. ஒரு வாரமாவது ஆகும், உட்கார்ந்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்து வைக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். 'அனைத்தையும் மாற்று' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். வட்டம்கூடச் சுற்றவில்லை. நாலு நொடி. பிறகு திரை சொன்னது: 'உங்களிடம் தொடர்புகள் எதுவும் இல்லை. புதிய தொடர்பைச் சேர்க்கவா?'

'சேர்' என்பதை அழுத்தி, என் பெயரையும் வீட்டு நம்பரையும் போட்டு, அதையும் ஜெனிஃபர் பெயருக்கு மாற்றிவிட்டுக் கேக் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வீட்டில் போன் அடித்தது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஜெனிஃபர் பேசறேன். அந்த இத்தாலிக்காரரு லைன்ல இருக்காரு. உங்கள கேட்டு ஒரே சத்தமா திட்றாரு. இன்னா சொல்லட்டும்?"

"திட்றாரா?" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "நல்லது. ஸ்பீக்கர்ல போடு."